ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஊர்ப்புற ஸ்டுடியோக்கள் போட வேண்டிய கணக்கு

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் சிறு ஊர் போட்டோ ஸ்டுடியோக்களில் ராத்திரி விளக்கு அணைவதில்லை. ஒரு கல்யாண வீடியோ முடிவதற்குள் அடுத்த ரிசப்ஷன் மெமரி கார்டு மேஜைக்கு வந்துவிடும். கணினி திணறும், டைம்லைன் நின்று நின்று ஓடும். "ஆல்பம் எப்போ தருவீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வரும். அப்போதுதான் பலருக்கும் அந்த யோசனை வரும்: ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிட்டால் என்ன?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் இருந்து ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்றால், ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும். இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏற வேண்டும். தவறான கார்டை வாங்கி வந்துவிட்டு மாற்றுவதற்காகத் திரும்பப் போனால் ஒரு நாள் வேலை போச்சு. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

நடுத்தர பட்ஜெட்டில் அதிகம் ஒப்பிடப்படும் கார்டுகள் இரண்டு. ஒன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி). மற்றொன்று ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி). "4060-தான் புதுசு, நம்பரும் பெருசு, இதையே எடுத்துக்கோங்கண்ணா" என்று கடையில் சொல்வார்கள். அது எப்போது சரி, எப்போது தவறு? முழு விவரம் இதோ.

பெயரில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

3060, 4060 என்ற எண்களை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். 30 என்றால் ஆம்பியர் தலைமுறை, 40 என்றால் அதற்கு அடுத்து வந்த ஏடா லவ்லேஸ் தலைமுறை. கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் கார்டின் படிநிலையைச் சொல்லும். 60 என்றால் நடுத்தரம். 70, 80, 90 என்று போகப் போக வேகமும் விலையும் ஏறும்.

ஆக இந்த இரண்டும் ஒரே படிநிலையில், அடுத்தடுத்த தலைமுறையில் வந்த கார்டுகள். 3060 விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். அறிமுக விலை 329 டாலர். 4060 வந்தது 2023 ஜூனில். அறிமுக விலை 299 டாலர். புதியது, விலையும் குறைவு. பிறகு ஏன் இன்னமும் ஒப்பிட வேண்டியிருக்கிறது? காரணம், தலைமுறை மாறியபோது வேகம் கூடியது, ஆனால் மெமரி 12 ஜிபியில் இருந்து 8 ஜிபியாகக் குறைந்தது.

இரண்டு கார்டுகளும் பக்கத்தில் பக்கத்தில்

கியூடா கோர்கள்: 3060-ல் 3,584, 4060-ல் 3,072

பூஸ்ட் வேகம்: 3060-ல் 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060-ல் 2.46 கிகாஹெர்ட்ஸ்

கிராஃபிக்ஸ் மெமரி: 3060-ல் 12 ஜிபி, 4060-ல் 8 ஜிபி (இரண்டுமே ஜிடிடிஆர்6)

மெமரி பஸ் அகலம்: 3060-ல் 192 பிட், 4060-ல் 128 பிட்

மெமரி வேகம்: 3060-ல் வினாடிக்கு 360 ஜிபி, 4060-ல் 272 ஜிபி

எல்2 கேஷ்: 3060-ல் 3 எம்பி, 4060-ல் 24 எம்பி

மின்சாரம்: 3060-க்கு 170 வாட்ஸ், 4060-க்கு 115 வாட்ஸ்

மதர்போர்டு இணைப்பு: 3060-ல் பிசிஐஇ 4.0, 16 லேன். 4060-ல் பிசிஐஇ 4.0, 8 லேன்

சிப் தயாரிப்பு: 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறை, 4060 டிஎஸ்எம்சியின் 4என் முறை

கோர் குறைந்தும் 4060 வேகமாக ஓடுவது எப்படி?

பட்டியலைப் பார்த்தால் 3060-ல் 512 கோர்கள் கூடுதல். அப்படியென்றால் அதுதானே வேகமாக இருக்க வேண்டும்? இல்லை. கோர் என்பது வேலை செய்யும் ஆள் மாதிரி. ஆள் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது; ஒவ்வொருவரும் எவ்வளவு வேகமாக நடவு நடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

கோர் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கினால் விடை கிடைக்கும். 3060 வினாடிக்குச் சுமார் 12.7 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் திறன் கொண்டது. 4060-க்கு அது சுமார் 15.1 லட்சம் கோடி. அதாவது ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதல். செயற்கையாக ஃபிரேம் சேர்க்கும் வசதிகளை அணைத்துவிட்டுப் பார்த்தால், கேம்களில் 4060 சுமார் 20 சதவீதம் வேகம் என்று என்விடியாவே சொன்னது. காகிதக் கணக்கும் அதை ஒட்டியே வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம். 3060-ல் ஒரு கேம் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால், 4060-ல் அது 70-ஐத் தாண்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் "ரெண்டு மடங்கு ஸ்பீடு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கில் ஃபிரேம் ஜெனரேஷன் ஒளிந்திருக்கும். இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஏஐ ஒரு ஃபிரேமைத் தானாக வரைந்து செருகும் வசதி அது. என்விடியாவின் இந்த வசதி 40 தலைமுறைக் கார்டுகளில்தான் அறிமுகமானது. படம் வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் பட்டனை அழுத்தியதும் கேம் பதில் சொல்லும் வேகம் அதே அளவுக்குக் கூடாது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 என்ற வசதி உள்ள கேம்களில் 3060-லும் இதேபோல ஃபிரேம் சேர்த்துக்கொள்ளலாம். எடிட்டிங் வேலைக்கு இந்த இரண்டாலும் எந்தப் பயனும் இல்லை.

மெமரி: ஏரியும் மதகும்

அடுத்தது மெமரி. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

கிராஃபிக்ஸ் மெமரியை ஏரி என்று வைத்துக்கொண்டால், 12 ஜிபி, 8 ஜிபி என்பவை ஏரியின் கொள்ளளவு. பஸ் அகலம் என்பது மதகின் அகலம். 192 பிட் மதகு பெரியது, 128 பிட் மதகு சிறியது. சிறிய மதகில் 4060 தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு பிட் வழியிலும் 3060-ல் வினாடிக்கு 15 கிகாபிட் பாயும், 4060-ல் 17 கிகாபிட் பாயும். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் 360 எங்கே, 272 எங்கே? 3060-ன் மதகு வழியாகத்தான் அதிகம் பாய்கிறது.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 4060-க்கு 24 எம்பி எல்2 கேஷ் கொடுத்திருக்கிறார்கள். அது வயலை ஒட்டியே வெட்டி வைத்த குட்டை மாதிரி. அடிக்கடி தேவைப்படும் தண்ணீர் குட்டையிலேயே கிடைத்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஏரிக்குப் போக வேண்டியதில்லை. அதனால்தான் மதகு சிறிதாக இருந்தும், 1080பி திரையில் 4060 தடுமாறுவதில்லை.

ஆனால் குட்டையால் ஏரியின் கொள்ளளவைக் கூட்ட முடியாது. ஒரு வேலைக்கு 10 ஜிபி தேவை என்றால், 8 ஜிபி கார்டில் மீதி 2 ஜிபி கணினியின் சாதாரண ரேமுக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் மதர்போர்டு வழியாக எடுத்து வர வேண்டும். அந்த வழி, கார்டுக்குள் இருக்கும் மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. அதுவரை பறந்துகொண்டிருந்த கார்டு அந்த நிமிஷத்தில் நடக்க ஆரம்பித்துவிடும். சில சாஃப்ட்வேர்கள் வேலையையே நிறுத்திவிடும்.

2023-ல் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கேமின் தொடக்க நாட்களில் இது பெரிய பேச்சானது. படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி கார்டுகள் திணறின. பின்னர் வந்த அப்டேட்கள் நிலைமையைச் சீராக்கின என்றாலும், 8 ஜிபி எங்கே முட்டும் என்பதை அது காட்டிவிட்டது.

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் என்ன நடக்கும்?

ஊர்ப்புற ஸ்டுடியோக்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். வீடியோ எடிட்டிங்கை நான்கு தனித்தனி வேலைகளாகப் பிரித்துப் பார்த்தால் பதில் தெளிவாகும்.

முதல் வேலை, கேமரா ஃபைலைத் திறந்து ஓட்டுவது. சோனி, கேனான், பானசோனிக் கேமராக்களின் இப்போதைய மாடல்கள் பலவற்றில் 10 பிட் 4:2:2 என்ற தரத்தில் பதிவு செய்ய முடியும். பட்டுச்சேலை ஜரிகையின் நிறம் சிதறாமல் கிடைக்கும் என்பதால் பலர் அதையே தேர்வு செய்கிறார்கள். ஆனால் இந்த வகை எச்.265 ஃபைலை நேரடியாகப் பிரித்து ஓட்டும் பகுதி 3060-லும் கிடையாது, 4060-லும் கிடையாது. அதாவது டைம்லைன் நின்று நின்று ஓடுவதற்கு இந்த ஃபைல்கள்தான் காரணம் என்றால், இரண்டில் எந்தக் கார்டை வாங்கினாலும் பிரச்னை தீராது.

இதற்குக் கைகொடுப்பது இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ். 12-ம் தலைமுறை மற்றும் அதற்குப் பிறகு வந்த இன்டெல் பிராசசர்களில் உள்ள குவிக் சிங்க் வசதி இந்த ஃபைல்களைச் சுலபமாக ஓட்டும். ஒரே நிபந்தனை: பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கக் கூடாது. எஃப் என்றால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க எஃப் மாடல் வாங்கியவர்கள், எடிட்டிங்கில் அதைவிடப் பெரிய வசதியை இழக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோ எடிட்டர்கள் பலர் பயன்படுத்தும் எடியஸ் சாஃப்ட்வேரும் பிராசசரையும் குவிக் சிங்க்கையும்தான் பெரிதும் நம்பி ஓடுகிறது. அதில் மட்டும் வேலை செய்பவர் கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன் பிராசசரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வேலை, நிறத்திருத்தமும் எஃபெக்ட்டும். டாவின்சி ரிசால்வ் போன்ற சாஃப்ட்வேர்கள் இந்த வேலையை முழுக்க கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும். 1080பி வீடியோ என்றால் 4060 வேகமாக முடிக்கும். ஆனால் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன், முகத்தை மட்டும் பிரகாசமாக்குவது, பின்னணியை மங்கலாக்குவது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் மெமரி வேகமாக நிரம்பும். "கிராஃபிக்ஸ் மெமரி நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பு வந்து எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும். மண்டப வெளிச்சத்தில் எடுத்த 4கே வீடியோவைச் சுத்தம் செய்வதே தினசரி வேலை என்றால் 3060-ன் 12 ஜிபி நிம்மதி தரும்.

மூன்றாவது வேலை, எக்ஸ்போர்ட். எச்.264, எச்.265 ஃபைலாக வெளியே எடுக்கும் வசதி இரண்டு கார்டிலும் உண்டு. இந்த ஒரு வேலையில் நேர வித்தியாசம் பெரிதாக இருக்காது. 3060 வைத்திருப்பவர் எக்ஸ்போர்ட் வேகத்துக்காக மட்டும் 4060-க்கு மாறினால் காசுதான் வீண்.

நான்காவது வேலை, கல்யாண லைவ். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக யூடியூபில் நேரலை கொடுப்பது இப்போது கிராமத்து மண்டபங்களிலும் வழக்கமாகிவிட்டது. இங்கே 4060-க்கு ஒரு தனி பலம் இருக்கிறது. ஏவி1 என்ற புதிய முறையில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் வசதி அதில் உண்டு. 3060-ல் ஏவி1 வீடியோவைப் பார்க்க முடியும், உருவாக்க முடியாது. எச்.264-ஐவிட ஏவி1 சுமார் 40 சதவீதம் திறன் மிக்கது என்பது என்விடியா சொல்லும் கணக்கு. அதாவது அதே தரத்தை இன்னும் குறைந்த டேட்டாவில் அனுப்பலாம். மொபைல் சிக்னலை நம்பி லைவ் கொடுக்கும் இடத்தில், அப்லோட் வேகம் திடீரென்று விழுந்தாலும் தாலி கட்டும் நேரத்தில் படம் உடையாமல் இருக்க இது உதவும்.

கரண்ட், யுபிஎஸ், வெயில்: ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

பெரிய நகரத்து ஏசி அறையில் இரண்டு கார்டையும் சோதித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஃபிரேம் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். ஊர்ப்புறத்தில் மின்சாரக் கணக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முழு வேகத்தில் ஓடும்போது 3060, 4060-ஐவிட 55 வாட்ஸ் கூடுதலாக எடுக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் முழு வேலை என்று வைத்தால், 60 நாளுக்குச் சுமார் 20 யூனிட் கூடுதல். தனியாகப் பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. ஆனால் யூனிட் கூடக் கூட கட்டணமும் ஏறுவதால், ஸ்லாப் எல்லையில் நிற்கும் வீட்டு இணைப்புக்கு அந்த 20 யூனிட்டே பில்லை மேலே தள்ளக்கூடும்.

பில்லைவிட முக்கியம் யுபிஎஸ். வீடுகளிலும் சிறிய கடைகளிலும் அதிகம் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது சுமார் 360 வாட்ஸ். பிராசசர், மதர்போர்டு, டிஸ்க், மானிட்டர் எல்லாம் சேர்ந்து 180 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 4060-ஓடு 295 வாட்ஸ் வரும். 3060-ஓடு அது 350-ஐத் தொடும். எஸ்எம்பிஎஸ்-ல் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் 3060 உள்ள கணினி வரம்பைத் தாண்டிவிடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் "பீப்" என்று கத்திவிட்டு அணைந்தால், சேவ் செய்யாத வேலை அத்தனையும் போய்விடும். 3060 வாங்குபவர் 1,000 விஏ யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

கத்திரி வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல். கார்டு எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சிமென்ட் ஷீட் போட்ட சின்ன அறையில் 170 வாட்ஸ் சூட்டை மணிக்கணக்கில் வெளியேற்றுவது சுலபமில்லை. சூடு ஏறினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் 4060-க்குத்தான் முழு மதிப்பெண். எந்தக் கார்டாக இருந்தாலும் மாதம் ஒருமுறை ஃபேனில் படியும் தூசியைத் துடைப்பது அவசியம்.

எந்த இடத்தில் எது தகுதி இழக்கிறது?

உத்திரமேரூர் என்றாலே நினைவுக்கு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டும் குடவோலை முறையும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகள், யார் வாரியத்துக்குத் தேர்வாகலாம் என்பதோடு நிற்கவில்லை. யார் ஆகக் கூடாது என்பதையும் விரிவாகப் பட்டியல் போட்டன. கார்டு வாங்கும்போதும் அதே முறை உதவும். எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கணினிக்கு எது ஆகாது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய மதர்போர்டு: 4060-ல் 8 லேன் மட்டுமே இருக்கிறது. பிசிஐஇ 4.0 உள்ள மதர்போர்டில் இது குறையாகத் தெரியாது. ஆனால் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் அதற்குக் கிடைக்கும் பாதை வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. அதே மதர்போர்டில் 16 லேன் உள்ள 3060-க்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கும். சாதாரண வேலையில் வித்தியாசம் சிறியதுதான். 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும்போதுதான் இந்தக் குறுகல் வலிக்கும். மெமரியும் குறைவு, பாதையும் குறுகல் என்று இரண்டும் சேர்ந்துகொள்ளும். பழைய மதர்போர்டை மாற்றும் எண்ணம் இல்லை, வேலையும் 4கே என்றால் 4060 தகுதி இழக்கிறது.

ஆபீஸ் கணினி: நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பயன்படுத்துபவர்கள் அதிகம். அவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் சிறியதாக இருக்கும்; கார்டுக்குத் தேவையான 8 பின் மின் இணைப்பும் இருக்காது; அளவு வேறு என்பதால் வெளி எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்தாது. இரண்டு கார்டுக்குமே 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது என்விடியா. ஆக இந்த வகைக் கணினிக்கு இரண்டு கார்டுமே ஆகாது.

பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்: கேபினெட்டோடு இலவசமாக வரும், '500 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி 3060 போடக் கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் அது கார்டையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

3060 (8 ஜிபி): பலரும் ஏமாறுவது இங்கேதான். 2022-ன் கடைசியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. அதன் பஸ் அகலம் 128 பிட்தான். மெமரி வேகம் வினாடிக்கு 240 ஜிபிதான். 3060-ஐத் தேடிப் போகும் காரணமே அதில் இல்லை. பில்லிலும் பெட்டியிலும் '12 ஜிபி' என்று இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மாணவர்களுக்கும் ஏஐ பழகுபவர்களுக்கும் எது?

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் இப்போது சொந்தக் கணினியிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்த வேலையில் வேகத்தைவிட மெமரிதான் முதல் நிபந்தனை. மாடல் மெமரிக்குள் அடங்கினால் ஓடும், அடங்காவிட்டால் நொண்டும்.

800 கோடி பாராமீட்டர் உள்ள மொழி மாடலை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி தேவைப்படும். இரண்டு கார்டிலும் ஓடும். அடுத்தது 1,400 கோடி பாராமீட்டர் அளவு. அதைச் சுருக்கினாலும் 8 முதல் 9 ஜிபி வரை வரும். 4060-ல் அது அடங்காது, 3060-ல் அடங்கும். படம் உருவாக்கும் மாடல்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் 12 ஜிபி இருந்தால் சுதந்திரம் அதிகம். பிளெண்டரில் 3டி பழகுபவர்களுக்கு மட்டும் பதில் மாறும். காட்சி 8 ஜிபிக்குள் அடங்கினால் 4060 தெளிவாக முந்தும்; அதன் ரே டிரேசிங் கோர்கள் ஒரு தலைமுறை புதியவை.

பட்டுச்சேலை ஜக்கார்டு டிசைன், ஃப்ளெக்ஸ் பேனர், அழைப்பிதழ், ஆல்பம் டிசைன் மட்டும் செய்பவர்களுக்கு இந்த இரண்டு கார்டுமே அவசியமில்லை. அவை 2டி வேலைகள். அதே காசில் ரேமை 32 ஜிபியாக்கி, ஒரு நல்ல எஸ்எஸ்டி போட்டால் கணினி வேகமாவது அன்றைக்கே தெரியும்.

செகண்ட்-ஹேண்ட் 3060 வாங்கலாமா?

2021-ல் கிரிப்டோ மைனிங் உச்சத்தில் இருந்தபோது கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. எத்தீரியம் மைனிங் செய்தால் வேகம் பாதியாகும்படி ஒரு தடையோடுதான் 3060-ஐ என்விடியா வெளியிட்டது. ஆனால் அடுத்த மாதமே அந்தத் தடை இல்லாத ஒரு டிரைவரைத் தவறுதலாக அதுவே வெளியிட்டுவிட்டது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் வேறு முறைக்கு மாற, கார்டு வைத்து அதை மைனிங் செய்யும் தொழில் முடிவுக்கு வந்தது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட்-ஹேண்ட் சந்தைக்கு வந்தன.

மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது. கணினியில் போட்டு, ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்தால் 3,584 கோர், 12 ஜிபி, 192 பிட் என்ற மூன்றும் தெரிய வேண்டும். பழைய கார்டின் பெயரை மாற்றி விற்கும் போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு ஃபர்மார்க் போன்ற சோதனையை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் உறுமுகிறதா என்று கவனியுங்கள். சோதித்துக் காட்ட மறுப்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

புதிய கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. செகண்ட்-ஹேண்டில் ஒரிஜினல் ஜிஎஸ்டி பில் கிடைத்தால், மிச்சமிருக்கும் வாரண்டியைக் கேட்க வழி இருக்கும். பில் இல்லையென்றால் அதையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

5060-க்குக் காத்திருக்கலாமா?

அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் 299 டாலர் அறிமுக விலையில் வந்துவிட்டது. 3,840 கோர், 8 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி, வினாடிக்கு 448 ஜிபி மெமரி வேகம், 145 வாட்ஸ் மின்சாரம். ஸ்டுடியோக்களுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: 10 பிட் 4:2:2 ஃபைல்களை நேரடியாக ஓட்டும் வசதி இந்தத் தலைமுறையில்தான் வந்தது. 4060-க்கும் 5060-க்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், புதிதாக வாங்குபவர் 5060-ஐப் பார்ப்பதே சரி. ஆனால் மெமரி இங்கேயும் 8 ஜிபிதான். 12 ஜிபி தேவைப்படுபவருக்கு இது பதில் ஆகாது.

முடிவாக, யாருக்கு எது?

1080பி கேம், யூடியூப் லைவ், சிறிய யுபிஎஸ், சூடான அறை, புதிய மதர்போர்டு: 4060.

4கே நிறத்திருத்தம், ஏஐ மாடல்கள், பழைய மதர்போர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரிய யுபிஎஸ்ஸும் உள்ளவர்கள்: 3060 (12 ஜிபி).

எடியஸில் மட்டும் எடிட்டிங், 4:2:2 ஃபைல்கள்: முதலில் 'எஃப்' இல்லாத இன்டெல் பிராசசர், பிறகு கார்டு.

2டி டிசைன், ஆல்பம் வேலை: கார்டு வேண்டாம், ரேமும் எஸ்எஸ்டியும் போதும்.

ஏற்கெனவே 3060 (12 ஜிபி) வைத்திருப்பவர்கள்: 4060-க்கு மாறத் தேவையில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. கணினி திணறும் நேரத்தில் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். பிராசசர், ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு என்று நான்கும் அங்கே தனித்தனியாகத் தெரியும். எது 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதுதான் மாற்ற வேண்டியது. அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், "இதையே எடுத்துக்கோங்கண்ணா" என்று யார் சொன்னாலும் எது வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம்.